ஒன்பதரை மணி மிஸ்டு கால்

தாராளமாக உட்காருங்கள். இந்தக் காகிதச் சுருளை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். மேலே வைத்தால் யாராவது கூடையைத் தூக்கி வைத்து நசுக்கிவிடுவார்கள். இது கசங்கக் கூடாது. நாமக்கல்தானே? நானும் அங்கேதான். கலெக்டர் அலுவலகத்தில் பதினோரு மணிக்கு விழா. எனக்கு ஆறு நிமிடம் பேச நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஐந்தரை நிமிடத்துக்குத் தயார் செய்திருக்கிறேன். மீதி அரை நிமிடம் மைக்கைச் சரிசெய்வதில் போய்விடும்.

உங்கள் போன் அடித்தது, நீங்கள் கட் செய்தீர்கள். நான் எட்டிப் பார்க்கவில்லை. திரை அவ்வளவு பெரிதாக இருந்தால் கண்ணில் படத்தான் செய்யும். ‘அம்மா’ என்று இருந்தது. குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அழைப்பைக் கட் செய்வது அவமரியாதை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். எங்கள் ஊரில் அப்படி இல்லை. கட் செய்தால், ‘பார்த்துவிட்டேன், நீ உன் வேலையைப் பார்’ என்று பொருள். நான் தொலைபேசித் துறையில் இருபத்தேழு ஆண்டு பணியாற்றி, விருப்ப ஓய்வில் வந்தவள். வசந்தாமணி என்று பெயர். இந்த ஒரு விஷயத்தில் என் பேச்சை நம்பலாம்.

எங்கள் ஊர் பள்ளிபாளையத்துக்குப் பக்கம். தெருவுக்குத் தெரு விசைத்தறிப் பட்டறைகள். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் காதுக்குள் வந்து கத்தினாலும் கேட்காது. போனில் எங்கே பேசுவது? ஆகவே எங்கள் ஊர் ஆண்கள் போனில் பேசுவதில்லை, ரிங் கொடுப்பார்கள். ஒரு ரிங் கொடுத்தால் டீ அனுப்ப வேண்டும். இரண்டு ரிங் கொடுத்தால் சாப்பாடு. வீட்டில் இருப்பவர் கட் செய்தால், சரி, வருகிறது என்று அர்த்தம். இப்போது எவ்வளவு பேசினாலும் ஒரே கட்டணம்தான். ஆனாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. எனக்கு அதில் பெருமையே உண்டு. ஒரு சொல்கூடச் செலவழிக்காமல் ஓர் ஊரே பேசிக்கொள்கிறது.

இந்த விழா எதற்கு என்று கேட்டீர்கள். சொல்கிறேன். பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே வேலை என்றால் தோள் என்னவாகும்? முதலில் ஒரு வலி மாத்திரை. பிறகு இரண்டு. பிறகு மருந்துச் சீட்டு இல்லாமல் யாரோ பையில் கொண்டுவந்து தரும் வேறு மாத்திரை. அதற்குச் செல்லப்பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள், நான் சொல்லப்போவதில்லை. போன வருடம் ஆடி மாதத்தில் மட்டும் எங்கள் தெருவில் இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவனுக்கு இருபத்தாறு வயது. மாரடைப்பு என்று சொல்லி எடுத்தார்கள். மாரடைப்பு இல்லை என்று தெருவுக்கே தெரியும்.

அப்போது எட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு நலக்குழு அமைத்தோம். அமைத்தோம் என்ன, நான்தான் அமைத்தேன். அரசு மருத்துவமனையிலிருந்து ஒரு டாக்டரம்மா கல்யாண மண்டபத்துக்கு வந்து எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஒருவர் மயங்கிக் கிடந்து, மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்தால் என்ன செய்ய வேண்டும்? உடனே 108. ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே கூட இருக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு கூடாது, தலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது, தூங்கட்டும் என்று விட்டுவிட்டுப் போகவே கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைக்கும் பயிற்சிக்கு ஒரு தறிக்காரரை மேடையில் படுக்க வைத்தோம். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர். நான்கு பேர் புரட்டிப் பார்த்து முடிப்பதற்குள் உண்மையாகவே குறட்டை விட்டுத் தூங்கிவிட்டார். எழுப்பினால், “இன்னும் ரெண்டு பேரு பழகட்டுமுங்க, பாவம்” என்றார்.

அந்த டாக்டரம்மா முக்கியமான ஒன்று சொன்னார். மிகவும் ஆபத்தான நேரம், மாத்திரையில் மூழ்கிக் கிடக்கும் நேரம் அல்ல. சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த முதல் இரண்டு மாதம்தான். உடம்பு பழைய பழக்கத்தை மறந்திருக்கும். கை மறந்திருக்காது. பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். ‘அவர்களைத் தினமும் ஒருவர் விசாரிக்க வேண்டும்’ என்றார்.

தினமும் விசாரிப்பது எப்படி? அங்கேதான் என் முறை வருகிறது. இந்தச் சுருளில் இருப்பது அதுதான். இப்படிப் பிரித்தால் தெரியும். சிகிச்சை முடிந்து வந்த பதினொரு பேர், பதினொரு வரிசை. தினமும் காலை ஒன்பதரைக்கு, தறி நின்று டீ குடிக்கும் அந்தப் பத்து நிமிடத்தில், ஒவ்வொருவரும் எனக்கு இரண்டு ரிங் கொடுக்க வேண்டும். ரிங் வந்தால் நலம். நான் கட் செய்வேன்; பார்த்துவிட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும். கட்டத்துக்குப் பச்சை அடிப்பேன். ஒன்பது ஐம்பது வரை ரிங் வரவில்லை என்றால் குழுவில் ஒருவர் நேரில் போவார். அழைத்தவர் வாய்திறந்து ‘நான் நன்றாக இருக்கிறேன்’ என்று சொல்லிக் கூசவேண்டியதில்லை. கேட்பவர் உபதேசம் செய்ய இடமில்லை. எவ்வளவு கண்ணியமான ஏற்பாடு என்று நீங்களே பாருங்கள்.

எட்டுப் பேரில் ஏழு பேர் இதை உடனே புரிந்துகொண்டார்கள். புரிந்துகொள்ளாதவள் ஜைத்தூன்.

ஜைத்தூன் எங்கள் தெரு முனையில் டிபன் கடை வைத்திருக்கிறாள். நல்லவள்தான். ஆனால் போன் அடித்தால் எடுத்துவிடுவாள். யார் அடித்தாலும், எப்போது அடித்தாலும். ஒரு கையில் கரண்டி, தோளுக்கும் காதுக்கும் இடையில் போன். எடுத்ததும் “ஹலோ” கிடையாது. “சொல்லு கண்ணு” என்பாள். எரிவாயு சிலிண்டர் கொண்டுவருபவருக்கும் “சொல்லு கண்ணு”தான். இருபத்தேழு ஆண்டு தொலைபேசி இணைப்பகத்தில் இருந்தவளுக்கு அதைக் கேட்டால் எப்படி இருக்கும்? எனக்கு ரிங் மட்டும் கொடுக்க வேண்டிய ஆட்கள் இவளை அழைத்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பொண்டாட்டி கோபித்துக்கொண்ட கதை, பல்வலி, தூக்கம் வராத கதை. குழுக் கூட்டத்தில் நான் பொறுமையாகவே எடுத்துச் சொன்னேன்.

“ஜைத்தூன், நாம் நண்பர்கள் அல்ல. நாம் ஓர் ஏற்பாடு.”

“அதென்னங்க்கா ஏற்பாடு? உங்க போனுக்குக் காது மட்டுந்தான் வெச்சாங்களா, வாய் வெக்கலீங்களா?” என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூட்டக் குறிப்பில் ‘சிறு கருத்து வேறுபாடு’ என்று எழுதினேன்.

எட்டாவது வரிசை என் தம்பி. பூபதி. இதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை, குழுவிலும் மறைக்கவில்லை. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். தறி ஃபிட்டர், ஊரில் எந்தத் தறி நின்றாலும் அவனைத்தான் தேடுவார்கள். ஒருமுறை நூல் சுற்றிய பாவு உருளை நழுவித் தோளில் விழுந்தது. அங்கே ஆரம்பித்தது. நாற்பத்தைந்து நாள் சிகிச்சை மையத்தில் இருந்துவிட்டு, தை மாதம் வந்தான். வந்த அன்றே அவனிடம் சொல்லிவிட்டேன்: தம்பி என்பதற்காக உனக்கு ஒரு ரிங் கூடுதல் கிடையாது, குறைவும் கிடையாது. “சரிக்கா” என்றான். அவன் எதற்கும் “சரிக்கா”தான் சொல்வான். பாருங்கள், எட்டாவது வரிசையில் ஒரு கட்டம்கூட விடுபடவில்லை. முப்பத்தாறு நாள், முப்பத்தாறு பச்சை.

திருச்செங்கோடு வந்துவிட்டது. ஏறுபவர்கள் ஏறட்டும். நீங்கள் சற்று உள்ளே தள்ளி உட்காருங்கள்.

மறுபடி உங்கள் அம்மாவா? கட் செய்துவிட்டீர்கள். சரி, சரி. பேருந்தில் கூச்சல்தான்.

முப்பத்தேழாம் நாள் மின்நிறுத்தம். மாதம் ஒருமுறை பராமரிப்புக்காக ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்துவார்கள். சாயங்காலம் ஐந்துக்குத்தான் வரும். அன்று எங்கள் ஊரைப் பார்க்க வேண்டும். ஒரு தறி ஓடாது. காக்கை கரைவது கேட்கும். அடுத்த வீட்டில் தாளிப்பது கேட்கும். கைக்குழந்தைகள் பயந்து அழும். அவை பிறந்ததிலிருந்து நிசப்தத்தைக் கேட்டதே இல்லை. தறிக்காரர்களுக்கு விடுமுறை, ஃபிட்டர்களுக்கு மட்டும் அன்றுதான் வேலை. பட்டறையில் பூபதி தனியாக இருந்தான், தறிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு.

சரியாக ஒன்பது முப்பத்தொன்றுக்கு அவன் ரிங் வந்தது. ஒன்று, இரண்டு. நிற்கவில்லை. மூன்று, நான்கு. கட் செய்தேன். பச்சை அடித்தேன்.

ஒன்பது முப்பத்துமூன்றுக்கு மறுபடி. நான் கட் செய்தது அவனுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து மறுபடி கட் செய்தேன்.

ஒன்பது முப்பத்தாறுக்கு மறுபடி. அதே நேரத்தில் மூன்றாம் வரிசைக்காரரும் ஐந்தாம் வரிசைக்காரரும் ரிங் கொடுக்க வேண்டியிருக்கிறது. இவன் லைனை அடைத்துக்கொண்டிருக்கிறான். கட் செய்தேன். நோட்டில் எழுதினேன்: ‘எட்டு, நலம், மும்முறை.’

பாருங்கள், தறி ஓடும் நாளில் யாரும் பேசுவதற்காக அழைப்பதில்லை. அன்று தறி ஓடவில்லை. அன்று ஒருவன் தாராளமாகப் பேசலாம். இந்த நுணுக்கம் என் முறையில் இடம்பெறாமல் போனது உண்மைதான். பிறகு சேர்த்துவிட்டேன்.

ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு ஜைத்தூனின் போன் அடித்தது. கடைசி ஈடு இட்லி அடுப்பில் இருக்கிறது. எடுத்தாள். “சொல்லு கண்ணு.”

“அக்கா… இட்லி இருக்குதுங்களா?” என்றானாம் பூபதி.

“இருக்குது. எங்கிருக்கறே?”

“பட்டறைல.”

“ஏன் கண்ணு, வாயில துணிய வெச்சுட்டுப் பேசறாப்ல பேசறே?”

மூச்சு மட்டும் கேட்டதாம். அதுவும் இடைவெளி விட்டு விட்டு. தறி ஓடும் நாளாக இருந்தால் அதுகூடக் கேட்டிருக்காது. அவள் அடுப்பை அணைக்கவில்லை, கடையைச் சாத்தவில்லை. கரண்டியோடு ஓடியிருக்கிறாள். ஓடிக்கொண்டே போனில் பேசியிருக்கிறாள். “சட்னி என்ன வேணும், தேங்காயா தக்காளியா? சொல்லு. தூங்கிராத. தேங்காயா தக்காளியா?” பட்டறைக்குப் பின்னால் பாவு உருளைகள் அடுக்கியிருக்கும் இடத்தில் அவன் சரிந்து கிடந்தான். உதடு நீலம். போன் மட்டும் காதோடு ஒட்டியிருந்தது. அவள் 108-க்கு அழைத்தாள். மண்டபத்தில் பழகியபடி அப்படியே ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். வண்டி வரப் பதினொரு நிமிடம் ஆயிற்று. பதினொரு நிமிடமும் அவள் சட்னியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாளாம். மருத்துவமனையில் மாத்திரையின் வேகத்தை முறிக்கும் ஊசி போட்டார்கள். மூச்சு திரும்பியது. பயிற்சி எவ்வளவு முக்கியம் என்று பார்த்தீர்களா? பேச்சில் இதைத்தான் இரண்டாவது நிமிடத்தில் சொல்லப்போகிறேன்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? ஆட்டோக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். “பூபதியண்ணன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கறாங்க, சீக்கிரம் ஏறுங்க. போன் பண்ணாத, நேராப் போய்ச் சொல்லு, அந்தக்கா போன எடுக்க மாட்டாங்கன்னு டிபன் கடைக்கா சொன்னாங்க” என்றார்.

எடுக்க மாட்டாங்க! இருபத்தேழு ஆண்டு. புயல் அடித்த இரவுகளில்கூட, எங்கெங்கோ இருந்தவர்களை எங்கெங்கோ இருந்தவர்களோடு இணைத்துக் கொடுத்தவள் நான். என்னைப் பற்றி ஓர் ஆட்டோக்காரரிடம் சொல்லியனுப்புகிற செய்தியா இது? இன்றுவரை அவளிடம் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பாள்.

பிறகு அவளுடைய போனையும் என்னுடைய போனையும் பக்கத்தில் வைத்து, நேரங்களைக் குறித்துக்கொண்டேன். பதிவு சரியாக இருக்க வேண்டும் அல்லவா? எனக்கு வந்த கடைசி அழைப்பு ஒன்பது முப்பத்தாறு. அவளுக்கு வந்தது ஒன்பது ஐம்பத்திரண்டு. நடுவில் பதினாறு நிமிடம். மாத்திரையை எப்போது எடுத்தான் என்று டாக்டரம்மா அவனைக் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். “ஞாபகம் இல்லீங்க” என்றான். அந்தப் பதினாறு நிமிடத்தைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆறு நிமிடப் பேச்சில் எல்லாவற்றையும் சொல்ல முடியாது.

உங்கள் போன். எடுங்கள். பரவாயில்லை, எடுத்துப் பேசுங்கள், நான் காத்திருக்கிறேன்.

என்ன சொன்னார்கள்? தண்ணீர் பாட்டில் எடுத்தாயா என்றா? அவ்வளவுதானா? நல்லது. பெரும்பாலும் அவ்வளவுதான் இருக்கும்.

எங்கே விட்டேன்? ஆமாம், மருத்துவமனை. மூன்றாம் நாள் அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். “அக்கா, நீ வேலையா இருப்பேன்னு நெனச்சேன்” என்றான். நான் என்ன சொல்ல? “ஒன்பதரைக்கு வரும் அழைப்பு எனக்கு ஒருபோதும் தொந்தரவு அல்ல” என்று சொன்னேன். “சரிக்கா” என்றான். ஆரஞ்சைச் சாப்பிடவில்லை. ஜைத்தூன் தூக்குப்போசியில் கொண்டுவந்த இட்லியைச் சாப்பிட்டான். தேங்காய்ச் சட்னி. அவளிடம் அன்று சொல்லாமல் விட்ட பதிலாம். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். எனக்கு விளங்கவில்லை. ஆரஞ்சைத்தான் டாக்டரம்மா நல்லது என்றிருந்தார்.

அதன்பின் விதிகளைத் திருத்தினேன். புதிய விதி: நான்கு ரிங்குக்கு மேல் போனால், ஐந்தாவது ரிங்கில் கட்டாயம் எடுக்க வேண்டும். எட்டுப் பேருக்கும் அச்சடித்துக் கொடுத்தேன். ஜைத்தூன் அதில் பஜ்ஜி வைத்து எண்ணெய் வடித்தாள். அது வேறு விஷயம். வேலைப்பளுவைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று குழுவில் முடிவாயிற்று. பதினொரு பேரில் ஆறு பேர் ஜைத்தூன் பக்கம் போனார்கள். அவர்களே கேட்டுக்கொண்டார்கள். பூபதியும் அதில் ஒருவன். நியாயம்தான், பட்டறை அவள் கடைக்குப் பக்கம். இப்போது தினமும் ஒன்பதரைக்கு அங்கேயே போய் உட்கார்ந்து சாப்பிடுகிறான். நான்கு மாதம் ஆயிற்று, ஒரு மாத்திரை தொடவில்லை. ஆகவேதான் எட்டாவது வரிசை பாதியில் நின்று வெள்ளையாக இருக்கிறது. ஓரத்தில் ‘மாற்றப்பட்டது’ என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன் பாருங்கள். மற்றவர்களுக்குப் பேனாவால் எழுதினேன்.

அந்த முப்பத்தேழாம் நாளுக்கு ஏன் பச்சை என்றா கேட்கிறீர்கள்? ஒன்பதரைக்கு அழைப்பு வந்தது. மூன்று முறை வந்தது. வந்ததை வரவில்லை என்று எப்படிப் போடுவது?

இன்றைக்குப் பாராட்டுச் சான்றிதழ் ஜைத்தூனுக்குத்தான். எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஒரு நாளிதழில் அவள் படம்கூட வந்தது. கரண்டியோடு! பொது நிகழ்ச்சிக்கான படத்தில் கரண்டி! அவளும் பூபதியும் மற்றவர்களும் வேனில் முன்னாலேயே கிளம்பிவிட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். வேன் எங்கே எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. பேருந்துக்கு ஒரு நேரம் இருக்கிறது. அதனால் இதில் வந்தேன். பூபதி என்னிடம் பேசுவதில்லை என்றெல்லாம் இல்லை. பேசுவான். வீட்டுக்கு வந்தால் “சாப்ட்டியாக்கா” என்பான். போன்தான் செய்வதில்லை. நான்கு மாதமாக ஒரு ரிங்கூட இல்லை. செய்ய வேண்டிய தேவையும் இல்லை. பட்டியல் மாறிவிட்டது.

என் போன்தான் அடிக்கிறது. பையின் அடியில் இருக்கிறது. யாராக இருக்கும்? விழாக்காரர்களாக இருக்கும், மைக் பற்றி.

இல்லை. பூபதி.

இப்போது மணி பத்து இருபது. இது ஒன்பதரை இல்லையே. வேனில் எல்லோரும் கூட இருப்பார்கள். தப்பாக எதுவும் இருக்காது. கை பட்டு வந்திருக்கும். இரண்டு ரிங்கில் நின்றுவிடும் பாருங்கள்.

நிற்கவில்லை.

மூன்று. விதிப்படி ஐந்தாவது ரிங்கில்தான்… இந்தாருங்கள், இந்தச் சுருளைப் பிடியுங்கள். எப்படியாவது பிடியுங்கள், கசங்கினால் கசங்கட்டும்.

சொல்லு கண்ணு.